ஜான்: ஒரு பெயர் வேகும் விதம்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் நண்பர் வீட்டு அடுக்களை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்து பொங்கி வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நண்பரின் அம்மா தன் மனக்குறையைச் சொன்னார். பேரனுக்கு ஐந்து வயது. பெயர் ஜான்.

"பேரன்னா என்ன கண்ணு? தாத்தன் பேரைச் சொமக்கறவன்தானே? அவரு பேரைத்தான் வெக்கோணும்னு நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். ஸ்கூல்ல கூப்பிட நல்லா இருக்காதுன்னு மருமக சொல்லிட்டா. ஜானாமா, ஜானு! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு ஜாண் வயிறுதான்."

தாத்தாவின் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த கரண்டியால் கூடத்துச் சுவரைக் காட்டினார். மாலை போட்ட படத்தின் கீழே எழுதியிருந்தது: அருளப்பன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா, உங்க பேரனுக்குத் தாத்தா பேரைத்தான் வெச்சிருக்காங்க" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார். விளக்கத்தான் வேண்டும். ஆனால் அது ஒரே மூச்சில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை. கிரைண்டரில் சுற்றிக்கொண்டிருந்த மாவுதான் வழி காட்டியது. ஒரு பெயர் ஊர்விட்டு ஊர் வந்து ஆளாவதும், அரிசியும் உளுந்தும் இட்லியாவதும் ஏறக்குறைய ஒரே பக்குவம்தான்.

முறத்தில் கிடக்கும் சாமான்

ஜான் என்ற பெயரை ஆங்கிலேயர் இரவல் வாங்கினார்கள். அதன் பிறந்த வீடு எபிரேய மொழி. அங்கே அது யோஹானான். சாமான் இரண்டே இரண்டுதான். 'யோ' என்பது இஸ்ரவேலர் வணங்கிய யாவே என்ற கடவுள் பெயரின் சுருக்கம். 'ஹானான்' என்றால் அருள் செய்தார், இரங்கினார். சேர்த்துச் சொன்னால், 'யாவே அருளினார்'. ஓரசைக் கடவுள் பெயர் உளுந்து. அளவு குறைவு, ஆனால் பொங்க வைப்பது அதுதான். மீதி எல்லாம் அருள் என்ற அரிசி.

எபிரேயம் பேசிய தாய் இந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டபோது அவள் காதில் இரண்டு சாமானும் தனித்தனியாக விழுந்திருக்கும். 'திருவருள்' என்று கேட்டால் நமக்கு விழுவதுபோல. முறத்தில் கிடக்கும் வரை எது அரிசி, எது உளுந்து என்று யாருக்கும் சந்தேகம் வராது.

இதே சாமானை வரிசை மாற்றிப் போட்டால் ஹனனியா. தமிழ் வேதாகமத்தில் அனனியா என்று வருகிறவர் இவர்தான். உளுந்தை மாற்றி, யாவே இருந்த இடத்தில் பாகால் என்ற தெய்வத்தைப் போட்டால், யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய கார்த்தேஜ் தளபதி ஹனிபால் கிடைப்பார். உளுந்தே வேண்டாம், அரிசி மட்டும் போதும் என்றால் ஹன்னா. அந்த ஹன்னாதான் அன்னா ஆகி, ஆங்கிலத்தில் ஆன், கேரளத்தில் அன்னம்மா, தமிழ்நாட்டில் அன்னம்மாள் ஆனது. அன்னம்மாள் என்றதும் சோறு நினைவுக்கு வருவது நம் காதின் பசி. அந்தப் பெயருக்குள் இருப்பது அருள்.

ஊறும்போது கழன்ற தோல்

அடுத்து இந்தப் பெயர் கிரேக்கத் தண்ணீரில் விழுந்தது. யூதர்களின் வேதம் கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டது. புதிய ஏற்பாடோ கிரேக்கத்திலேயே எழுதப்பட்டது. எபிரேயத்தில் 'ஹா' என்பது தொண்டைக்குள்ளிருந்து உரசிக்கொண்டு வரும் ஒலி. கிரேக்கத்தில் சொல்லின் நடுவே அதை எழுத வழியில்லை. ஊறிய கறுப்பு உளுந்தைப் பிசைந்தால் தோல் கழன்று மிதக்குமே, அப்படி அந்த 'ஹ' கழன்று களைந்த நீரோடு போயிற்று.

போனதற்குப் பதிலாக ஒன்று வந்து ஒட்டியது. தமிழில் மரம் என்ற சொல் 'ஐ' ஏற்க வேண்டுமானால் மரத்தை என்று உடம்பை மாற்றிக்கொள்கிறது. கிரேக்கப் பெயர்ச்சொல்லுக்கும் வேற்றுமை ஏற்க ஒரு வால் வேண்டும். அந்த வாலும் சேர்ந்து யோவான்னேஸ் ஆனது. நடுவே 'ஹ' இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் யோவான், இந்த ஊறலுக்கு மிக நெருக்கமான வடிவம்.

இந்தக் கட்டத்திலேயே பொருள் மங்கத் தொடங்கிவிட்டது. கிரேக்கர் காதுக்கு யோவான்னேஸ் ஒரு ஆளின் பெயர், அவ்வளவுதான்.

கல்லில் அரைபட்டது

கிரேக்கத்திலிருந்து லத்தீன். அங்கே யோஹான்னெஸ். லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு. இங்கேதான் கல் சுற்றியது. சொல்லின் தலையில் இருந்த மென்மையான 'ய' இறுகி 'ஜ' ஆனது. வால் அறுந்தது. அசைகள் ஒன்றோடொன்று நசுங்கின. 1066-இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது இந்த மாவும் கப்பலேறிப் போயிற்று. அதற்கு முன்பும் இங்கிலாந்தின் துறவிகளிடையே லத்தீன் வடிவம் இருந்தது. ஆனால் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராக அது பரவியது நார்மன்கள் காலத்துக்குப் பிறகுதான்.

யோ-ஹா-னான் என்று மூன்று அசையாகப் புறப்பட்டது, ஜான் என்று ஒரே அசையாக வந்து இறங்கியது. நைசாக அரைத்த மாவைக் கையில் எடுத்து, இது அரிசி, இது உளுந்து என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. எந்த ஆங்கிலேயத் தாயும் ஜான் என்று கூப்பிடும்போது கடவுளையோ அருளையோ காதால் கேட்பதில்லை. மாவுக்குள் இரண்டும் இருக்கின்றன. கண்ணுக்குத்தான் தெரியாது.

இந்த 'ஜ'வுக்குத் தனி எழுத்து அமைவதற்குக்கூட நெடுங்காலம் ஆயிற்று. 1611-இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் முதல் பதிப்பில் ஜானின் முதலெழுத்து 'ஐ'தான். 'ஜே' என்ற கொம்பு வைத்த எழுத்து அதற்குப் பிறகே தனிக்குடித்தனம் போனது.

கறிவேப்பிலை

ஆங்கிலத்தில் ஜானை எழுதும்போது நடுவே ஒரு 'ஹெச்' வரும். யாரும் அதை உச்சரிப்பதில்லை. பள்ளியில் அதை விட்டுவிட்டு எழுதி அடி வாங்கியவர்கள் நம்மில் உண்டு. ஊறும்போது கழன்ற அதே 'ஹ'தான் இது. லத்தீனில் எழுதியவர்கள் பழைய வடிவத்தின் நினைவாக அதை மறுபடி செருகினார்கள். ஆங்கிலம் அதை வாயால் ஏற்கவில்லை, தாளில் மட்டும் வைத்துக்கொண்டது. தாளிப்பில் கறிவேப்பிலை கட்டாயம் வேண்டும். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ஒதுக்கவும் வேண்டும்.

குண்டான் நிரம்பி வழிந்தது

நன்றாகப் புளித்த மாவு இரவோடு இரவாக மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இடைக்கால இங்கிலாந்தில் சில பெயர்களே திரும்பத் திரும்ப வைக்கப்பட்டன. அவற்றில் முன்னால் நின்றது ஜான். ஒரு தெருவில் நான்கு ஜான் இருந்தால் எந்த ஜான் என்று எப்படிச் சொல்வது? செல்லப் பெயர் பிறந்தது: ஜாக். ஜாக்கும் ஜானும் ஒரே பெயர் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். பிறகு குடும்பப் பெயர்கள் பிறந்தன. ஜானின் மகன் ஜான்சன். ஜாக்கின் மகன் ஜாக்சன். ஜோன்ஸ், ஜென்கின்ஸ் எல்லாம் இதே குண்டானில் வழிந்தவைதான். பெண்களுக்கு ஜேன், ஜோன், ஜேனட். நாம் இனிஷியல் போட்டுச் சமாளிக்கும் வேலையை அவர்கள் 'சன்' போட்டுச் சமாளித்தார்கள். அந்த ஜான்சனையே நாம் முதற்பெயராக வைத்து, அதற்கு முன்னால் ஒரு இனிஷியலும் போட்டுக்கொள்கிறோம்.

ஒரே மாவு, பல தட்டு

பாலக்காட்டுக்காரர்களுக்குத் தட்டின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எலப்புள்ளிக்குப் பக்கத்தில் ராமசேரி இருக்கிறது. அங்கே இட்லி சுடும் முதலியார் குடும்பங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். மண் வளையத்தில் நூலை வலைபோலக் கட்டி, மேலே துணி விரித்து, மாவை ஊற்றி ஆவியில் வேக வைப்பார்கள். தோசை மாதிரி அகலம், இட்லி மாதிரி மெத்து. மாவு நமக்குத் தெரிந்த மாவுதான். தட்டு மாறியதால் உருவம் மாறிற்று.

ஒவ்வொரு மொழியும் ஒரு தட்டு. தன் குழிக்கு ஏற்றபடிதான் எந்தப் பெயரையும் வார்க்கும். இந்த மாவு ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவான்னி, ரஷ்யாவில் இவான், ஜெர்மனியில் ஹான்ஸ், அயர்லாந்தில் ஷான், ஸ்காட்லாந்தில் இயன். விவிலியத்தில் திருமுழுக்கு யோவான் என்று வருகிறவரே குர்ஆனில் யஹ்யா நபி. தமிழ்நாட்டில் கிரந்த எழுத்தைக் கடன் வாங்கி ஜான் என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் ஜோன் என்று எழுதுகிறார்கள். ஒரே மொழியிலேயே இரண்டு குழி.

மலையாளத்துப் பானை

இங்கே ஒரு வேடிக்கை. கேரளத்தின் சுரியானிக் கிறிஸ்தவர்கள் ஜானுக்காக ஆங்கிலேயர் வரும்வரை காத்திருக்கவில்லை. அவர்கள் வழிபாட்டு மொழி சுரியானி. அது எபிரேயத்துக்குப் பங்காளி மொழி. அதன் வழியாகப் பெயர் யோஹன்னான் என்று வந்தது. மலையாள நாவில் புரண்டு உலஹன்னான் ஆனது. லோனன், லோனப்பன், நைனான் என்றெல்லாம் கிளை விட்டது.

உலஹன்னான் என்ற பெயர் புதிதாகக் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கும். ஜான்தான் 'அசல்', உலஹன்னான் நாட்டுப்புறத் திரிபு என்று தோன்றும். திருப்பிப் பாருங்கள். மூலம் யோ-ஹானான். உல-ஹன்னான். அருள் என்ற அரிசி கிட்டத்தட்ட முழு மணியாக, தொண்டை 'ஹ'வோடு அப்படியே கிடக்கிறது. லண்டன் ஜான் நைசாக அரைபட்ட மாவு. இடுக்கி உலஹன்னான் ரவை. பிறந்த வீட்டுக்கு யார் கிட்டத்து உறவு என்று பார்த்தால், குடையும் கையுமாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் கிழவர் உலஹன்னான்தான்.

பக்குவம் கேட்டு வாங்கியவர்கள்

தமிழ்க் கத்தோலிக்கர்கள் மூன்றாவது வழியில் போனார்கள். மாவையும் வாங்கவில்லை, தட்டையும் வாங்கவில்லை. "உள்ளே என்ன போட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். "அருள்" என்று பதில் வந்தது. "அது எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே" என்று சொந்த அரிசியைப் போட்டுச் சமைத்துவிட்டார்கள். அதுதான் அருளப்பன். ஒலி முழுக்கப் போயிற்று, பொருள் முழுக்க நின்றது.

லத்தீனில் பவுல் என்றால் சிறியவர். அவர் சின்னப்பர் ஆனார். இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, பெயரில் இருந்த நிலைபெயராமையைத் தமிழாக்கி முதலில் தைரியநாதர் ஆனார். அவரைத்தான் நாம் வீரமாமுனிவர் என்று அறிவோம். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ தமிழில் அருளானந்தர். அவர் தாய்மொழியில் அவர் ஜுவாவ். அதுவும் ஒரு ஜான்தான். மதுரைப் பக்கத்தில் யார் அருளானந்தம் என்று பெயர் வைத்தாலும், அந்த ஜானின் சோற்றில் ஒரு கவளம் அதற்குள் இருக்கிறது.

பழைய கத்தோலிக்க விவிலியத்தில் நான்காம் நற்செய்தி அருளப்பருடையது. புராட்டஸ்டன்ட் விவிலியத்தில் யோவானுடையது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் இரு சாராரும் யோவான் என்றே ஒத்துக்கொண்டார்கள். அருளப்பர் மெல்லப் படங்களுக்கும் தாத்தாக்களுக்கும் ஒதுங்கினார்.

எல்லையில் ஒரே அடுப்பு

இந்த மூன்று பக்குவமும் ஒரே அடுப்பில் வேகும் இடம் பாலக்காடு, இடுக்கி எல்லை. பாலக்காட்டில் சீரோ மலபார் மறைமாவட்டம் 1974-இல் அமைந்தது. அதன் பங்குகளில் யோஹன்னானும் லோனப்பனும் உண்டு. தமிழ் பேசுவோரும் உள்ள லத்தீன் கத்தோலிக்கர்களுக்காகச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013-இல் உருவானது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அருளப்பர்களைத் தேட வேண்டியதில்லை. ராவுத்தர் வீடுகளில் யஹ்யா. மூணாற்று லயங்களில் ஜான். ஒரே சந்தையில் நான்கு பேரும் வெற்றிலைக் கடை முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். தங்களுக்கு ஒரே பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது.

வாயால் சொல்லாத ஜான்கள்

இடுக்கி மலையைத் தலைகீழாக மாற்றியவர்களில் இரண்டு ஜான்கள் முக்கியம். ஜான் டேனியல் மன்றோ 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். பின்னால் தேயிலை வந்தது. தேயிலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் மலையேறினார்கள். இன்னொருவர் ஜான் பென்னிகுவிக். 1841 ஜனவரி 15-இல் புணேயில் பிறந்த பொறியாளர். திருவிதாங்கூரோடு 1886-இல் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்ட நிலத்தில், மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து அணை கட்டி, 1895-இல் தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பியவர். தேயிலைக்கு ஒரு ஜான், தண்ணீருக்கு ஒரு ஜான்.

ஆனால் மண் சுமந்த யாரும் அவர்களை ஜான் என்று கூப்பிட்டதில்லை. 'துரை', அவ்வளவுதான். பெரியவர் பெயரை வாயால் சொல்வது நம் பக்கத்தில் வழக்கமில்லை. ஜான் என்ற முதற்பெயர் மரியாதைக்குள் மூடி வைக்கப்பட்டே கிடந்தது. கம்பம் பள்ளத்தாக்கு எடுத்துக்கொண்டது குடும்பப் பெயரைத்தான். தேனி மாவட்டத்தில் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்றே பெயர் சூட்டிய குடும்பங்கள் உண்டு. பாலார்பட்டியில் ஆண்டுதோறும் அவர் பிறந்த நாளில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் திறந்தது.

பென்னிகுவிக் என்பது ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். அந்த மண்ணின் பழைய மொழியில் குயில் குன்று என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கூடலூரில் வயலுக்கு மடை திருப்பும் ஒருவரிடம் போய்ப் பென்னிகுவிக் என்றால் என்ன பொருள் என்று கேளுங்கள். குயிலைச் சொல்ல மாட்டார். தண்ணீர் என்பார். குமுளியைத் தாண்டி வண்டிப்பெரியாற்றில், அணைக்குக் கீழே ஆற்றோரம் குடியிருப்பவரிடம் அதே அணையைப் பேசினால், மழைக்காலத்து ராத்திரிப் பயத்தைச் சொல்வார். வந்த மாவுக்குள் என்ன இருந்தது என்பது ஒரு பக்கம். இங்கே எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம் என்பது இன்னொரு பக்கம். பெயரின் ருசி இரண்டும் சேர்ந்தது.

இறக்கி வைத்தது

மாவு பொங்க ஒரு ராத்திரி வேண்டும். விளக்கத்துக்கும் அவ்வளவு நேரம் ஆயிற்று. காலையில் முதல் ஈடு வெந்து இறங்கியபோது, இத்தனையையும் சுருக்கி அம்மாவிடம் சொல்லி முடித்தேன். யோஹானான்தான் ஜான், யோஹானான்தான் அருளப்பன். தாத்தா பெயர் பேரனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பாதை மட்டும் கொஞ்சம் சுற்று.

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துணியில் ஒட்டிய இட்லியை எடுப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அப்போ, இந்த அஞ்சு வருசமா நான் அவரு பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுட்டு இருந்தனா?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூடத்துப் படத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேரனைப் பார்த்து, "தம்பி, இட்லி வெந்திருச்சு, வா" என்றார். அவன் திரும்பவில்லை. "தம்பீ!" என்று குரலை உயர்த்தினார். அப்போதும் திரும்பவில்லை. அது அவன் பெயர் இல்லையே.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயே கூப்பிடு கண்ணு."